புகார்ப் பெட்டியில குளவிக் கூடு

என் வேலை என்னன்னு வீட்ல யாருக்கும் இன்னிக்கு வரைக்கும் ஒழுங்கா புரிய வெக்க முடியல. மாமனார்கிட்ட "குடோன் கட்டுற கம்பெனில சேஃப்டி பாக்குறேன்"னு ஒரு தடவ சொன்னதோட சரி, அவரு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் "மாப்ள ஹெல்மெட் போடச் சொல்ற வேலைல இருக்காரு"ன்னு சொல்லி வெச்சிருக்காரு. தப்புன்னும் சொல்ல முடியாது. ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் சுத்துல ரோட்டோரமா தகரக் கூரை போட்டு பெருசு பெருசா ஷெட்டு நிக்குதுல்ல, கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் வெக்கிறது, ஆன்லைன் ஆர்டர் சாமான் வெக்கிறது, சின்ன ஃபேக்டரிக்கு வாடகைக்கு விடுறது, அந்த மாதிரி இண்டஸ்ட்ரியல் பார்க் கட்டுற ஒரு டெவலப்பர்கிட்ட இருக்கேன். அதுல பாதி பணம் வெளிநாட்டு ஃபண்டோடது. பணம் குடுக்குறப்பவே கண்டிஷன் போட்டுடுவாங்க, இந்த ப்ராஜெக்ட்டால மண்ணுக்கும் தண்ணிக்கும் சுத்தி இருக்குற ஜனங்களுக்கும் என்னென்ன பிரச்சனை வரும், அத எப்படி சமாளிப்பீங்கன்னு எழுதிக் குடுங்கன்னு. அத எழுதுறதும், எழுதினபடி நடக்குதான்னு பாக்குறதும் நான். ஆபீஸ்ல "இ அண்ட் எஸ்"ம்பாங்க, என்விரான்மென்ட் அண்ட் சோஷியல். சைட்ல மேஸ்திரிங்க "பேப்பர் சார்"ம்பாங்க.

எல்லாத்துக்கும் ஆதாரம் ஒரு எக்செல் ஷீட்டு, ரிஸ்க் ரிஜிஸ்டர். ஒவ்வொரு வரிலயும் ஒரு ஆபத்து, நடக்க வாய்ப்பு எவ்ளோன்னு அஞ்சுக்கு ஒரு மார்க்கு, நடந்தா அடி எவ்ளோன்னு அஞ்சுக்கு இன்னொரு மார்க்கு, ரெண்டையும் பெருக்கினா வர்ற நம்பருக்கு ஏத்தாப்ல செவப்பு, மஞ்சள், பச்சை. செவப்பு இருந்தா ஃபண்டுகாரங்க போன் பண்ணுவாங்க, அதனால செவப்பெல்லாம் ரெண்டு வாரத்துல மஞ்சளாயிடும், எப்படின்னு கேக்காதீங்க, நானே மூணு வருஷம் கலர் அடிச்சிருக்கேன்.

இதுக்கெல்லாம் மூலம் ஐ.எஃப்.சி., உலக வங்கி குடும்பத்துல தனியாருக்கு கடன் குடுக்குற அமைப்பு. அவங்க 2012-ல திருத்தி விட்ட எட்டு தரக்கோட்பாடு இருக்கு, ரெண்டாவது தொழிலாளர், நாலாவது சுத்தி இருக்குற ஜனங்க பாதுகாப்பு, அஞ்சாவது நிலம், இப்படி. நெஜமாவே நல்லா எழுதியிருக்காங்க. மொதல் கோட்பாட்டுலயே, பாதிக்கப்படுறவங்க வந்து குறை சொல்ல ஒரு வழி இருக்கணும்னு இருக்கு. நாங்களும் வழி வெச்சோம். எப்படின்னா, ஒரு தகரப் பெட்டி, பச்சைப் பெயிண்டு, பூட்டு, மேல தமிழ்ல "குறை தீர்க்கும் பெட்டி", கீழ இங்கிலீஷ்ல, இந்தில. சைட் ஆபீஸ் வாசல்ல மாட்டியாச்சு. அதாவது ஊர்க்காரங்க யாராச்சும் அதுல சீட்டு போடணும்னா மொதல்ல கேட்ல செக்யூரிட்டிகிட்ட நிக்கணும், ரிஜிஸ்டர்ல பேரு போன் நம்பரு எழுதணும், ஆதார் காட்டணும், விசிட்டர் பேட்ஜ் வாங்கணும், ஹெல்மெட் ஷூ போடணும் (ஷூ இல்லாம உள்ள விடக்கூடாதுன்னு சொன்னதே நான் தான்), அப்புறம் முன்னூறு மீட்டர் நடக்கணும். பதினாலு மாசம் ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் "வந்த புகார்: பூஜ்யம்". ஃபண்டுகாரங்க ஒரு மெயில்ல பாராட்டினாங்க கூட.

2023 டிசம்பர்ல அந்தப் பெட்டியத் தொறக்க வேண்டி வந்துச்சு. சாவி யார்கிட்டயும் இல்ல. செக்யூரிட்டி அண்ணன் ஸ்க்ரூ ட்ரைவர் வெச்சு நெம்பினாரு. உள்ள சீட்டு போடுற ஓட்டைக்கு நேரா குளவி மண்ணுல கூடு கட்டியிருந்துச்சு, காஞ்சு கல்லாட்டம், அதுக்குக் கீழ ஒரு பிஸ்கட் கவரு, யாரோ நம்ம ஸ்டோர்ஸ் பையனுக்கு வெச்சுட்டுப் போன கல்யாணப் பத்திரிகை ஒண்ணு. கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம்.

ஏன் தொறந்தோம்ங்கறது தான் விஷயம்.

இந்தப் பக்கத்து ஏரிங்க தனித்தனியா இருக்குற ஏரிங்க கெடையாது. மேல இருக்குற ஏரி ரொம்பினா கலங்கல் வழியா, அதான் மிச்சத் தண்ணி வழியக் கட்டின தாழ்வான மேடை, வழிஞ்சு அடுத்த ஏரிக்குப் போகும், அது ரொம்பினா அதுக்குக் கீழ இருக்குறது, இப்படியே இறங்கி இறங்கி கடைசில செம்பரம்பாக்கத்துலயோ அடையாத்துலயோ போய்ச் சேரும். எங்க சைட்டு 60 ஏக்கர், அப்படி ரெண்டு ஏரிக்கு நடுவுல. வாங்கினப்போ பாதி புஞ்சை, பாதி பல வருஷமா பயிர் இல்லாம வேலிக்காத்தான் மண்டிக் கெடந்துச்சு. எஃப்.எம்.பி.ல, அதான் புல வரைபடம், நடுவால ரெண்டு கோடு ஒட்டி ஒட்டி ஓடும், வாய்க்கால் புறம்போக்கு. நேர்ல போய்ப் பாத்தா வாய்க்கால்னு சொல்ல முடியாது, ஆடு எறங்கி நின்னா முதுகு தெரியுற மாதிரி ஒரு பள்ளம். புறம்போக்க நாங்க தொடல. அந்த அகலத்த அப்படியே விட்டு, ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, ட்ரெயினா மாத்தி, அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஷெட்டு, இந்தப் பக்கம் மூணு ஷெட்டு. சட்டப்படி சுத்தம். போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல "நீர்வழிப்பாதை பாதுகாக்கப்பட்டது"ன்னு கேப்ஷன் போட்டேன்.

தப்பு எங்கன்னா ட்ரெயினுக்கு கன்சல்டன்ட் போட்ட கணக்குல. அதுல எங்க 60 ஏக்கர்ல விழுற மழை மட்டும் தான் இருந்துச்சு. மேல இருக்குற ஏரி கலங்கல் போனா வர்ற தண்ணி இல்ல. ஏன்னா அவங்க சர்வேக்கு வந்தது ஏப்ரல்ல, கலங்கல் மேல அன்னிக்கு யாரோ நெல்லு காய வெச்சிருந்தாங்க. அந்த ரிப்போர்ட்ட படிச்சு "ஓகே"ன்னு கையெழுத்து போட்டவங்கள்ல நானும் ஒருத்தன், கன்சல்டன்ட் மேல மட்டும் பழியப் போட்டுட்டுப் போக மனசு வரல.

அதோட மண்ணு. தாழ்வான எடம்ங்கறதால ஒரு மீட்டர் மேடு பண்ணோம். 60 ஏக்கருக்கு ஒரு மீட்டர்னா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கன மீட்டருக்கு மேல மண்ணு, ஆறு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) டிப்பர்ல அடிச்சா ஏறத்தாழ 14,000 லோடு. பதினாலாயிரம் லோடும் அந்த ஊர் ரோட்ல தான் வந்துச்சு, ஒத்தை ரோடு, ஸ்கூல் அதே ரோட்ல. காலைல எட்டரைலருந்து ஒம்பதரை, சாயங்காலம் நாலுலருந்து அஞ்சு டிப்பர் ஓடக்கூடாதுன்னு ரூல் போட்டேன், ட்ரைவருங்க அந்த நேரத்துல டீக்கடை முன்னாடி வரிசையா நிறுத்திட்டு எஞ்சின ஓட விட்டுட்டு உக்காந்திருப்பாங்க, பசங்க டிப்பருக்கும் பள்ளத்துக்கும் நடுவால நடந்து போகும். ரூல் கடைபிடிச்சாச்சு, ஷீட்ல பச்சை. அந்த மண்ணு எங்கருந்து வந்துச்சுங்கறது தனிக் கதை, சவுடு மண்ணுன்னு பர்மிட் இருக்கும், எந்த ஏரில எவ்ளோ ஆழம் தோண்டினாங்கன்னு பர்மிட்ல தெரியாது.

கூரைக் கணக்கும் ஒண்ணு சொல்றேன், யாரும் யோசிக்க மாட்டாங்க. வெறும் நெலத்துல மழை விழுந்தா கொஞ்சம் மண்ணு குடிக்கும். தகரம் குடிக்காது. பத்து ஏக்கர் கூரை மேல 10 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 40 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி முன்னூத்து முப்பதுக்கு மேல வரிசையா வந்து ஒரே எடத்துல கொட்டின மாதிரி. மிக்ஜாம் புயலப்போ, டிசம்பர் 3-ம் 4-ம், சென்னைல சில எடத்துல ரெண்டு நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல பதிவாச்சு. நாலால பெருக்கிக்கோங்க. எங்க கூரை பத்து ஏக்கருக்கு மேலயும் கூட.

4-ம் தேதி காலைல தாம்பரம் பக்கம் எங்க வீட்ல கரன்ட் இல்ல, போன்ல பன்னண்டு பர்சென்ட் சார்ஜ். செக்யூரிட்டி அண்ணன் கூப்பிட்டாரு, குரல்ல அவ்ளோ சந்தோஷம், "சார், நம்ம சைட்டு டாப்பு சார், ஒரு சொட்டு நிக்கல." நானும் அப்பாடான்னு ஆபீஸ் குரூப்ல போட்டேன், எம்.டி. கட்டை விரல் போட்டாரு. ஒரு சொட்டு நிக்கலன்னா அந்த சொட்டெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குக் கேக்கத் தோணல பாருங்க, இதுக்குத் தான் எனக்கு சம்பளமே.

போனது கீழ இருக்குற காலனிக்கு. நாப்பது வீடு. எங்க ட்ரெயின் முடியுற எடத்துல ஊர் ரோட்டுக்கு அடில ஒரே ஒரு ஹியூம் பைப்பு, அதான் உருண்டை சிமென்ட் குழாய், பழசு, பாதி மண்ணு அடைச்சது. முன்னெல்லாம் மேல் ஏரி தண்ணி வந்தா அந்த 60 ஏக்கர்ல பரவி நின்னு ரெண்டு நாள் எடுத்து மெதுவா எறங்கும். இப்போ பரவ எடமில்ல, வழவழன்னு கான்கிரீட்ல சறுக்கிட்டு வந்து ஒரே பைப்புல முட்டி, ரோட்ட மீறி, நேரா வீட்டுக்குள்ள. முழங்கால் அளவு. ரேஷன் அரிசி, பசங்க புஸ்தகம், ஒரு வீட்ல தையல் மெஷின் மோட்டாரு, ரெண்டு ஆட்டுக்குட்டி.

தண்ணி வடிஞ்சப்புறம் தான் நான் போனேன். போறப்ப ரொட்டி பால் பாக்கெட் எல்லாம் வண்டில ஏத்திட்டுப் போனோம், இறக்க விடல. வார்டு மெம்பர் அக்கா தான் பேசினாங்க, கத்தல, கத்தியிருந்தா கூட பரவால்ல. "உங்க எடம் மேடாச்சு சார், எங்க எடம் தானா பள்ளமாச்சு. நாங்க எடம் மாறல." நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "மண்ணு அடிக்கும்போதே பெட்டில எழுதிப் போட்டிருக்கலாமேக்கா"ன்னுட்டேன். "எந்தப் பெட்டி?"ன்னாங்க. பக்கத்துல இருந்த பையன் தான், "கேட்டுக்கு உள்ள ஒண்ணு வெச்சிருக்காங்க"ன்னான். "உள்ள வுட்டா தானே"ன்னு அவங்க சொன்னதும் நாலு பேரு சிரிச்சாங்க, எனக்கு அந்த சிரிப்பு தான் இன்னும் காதுல இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் தான் ஸ்க்ரூ ட்ரைவர்.

சரி பண்ணது எப்படின்னும் சொல்லிடுறேன், ஏன்னா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு "கம்பெனி நெனச்சா ஒரு நாள்ல பண்ணலாமே"ன்னு தோணும். ரோடு ஊராட்சி ஒன்றியத்தோடது, தண்ணி நீர்வளத்துறையோடது, வாய்க்கால் ரெவின்யூல புறம்போக்கு, காசு மட்டும் எங்களோடது. ஒரு ஹியூம் பைப்ப எடுத்துட்டு பாக்ஸ் கல்வெர்ட், அதான் பெட்டி மாதிரி கான்கிரீட் சிறு பாலம், வெக்க அஞ்சு மாசம். அதவிடப் பெரிய சண்டை ஆபீஸ்குள்ள. சைட்ல லாரி பார்க்கிங்னு வெச்சிருந்த ரெண்டு ஏக்கர தோண்டி குளமா விட்டா, மேல இருந்து வர்ற வேகம் அங்க ஒடையும், கொஞ்ச நேரம் நிக்கும். பிசினஸ் டீம் ஒத்துக்கல, ரெண்டு ஏக்கர் வாடகைய நீ தருவியான்னாங்க. நான் நியாயம் பேசினப்போ யாரும் கேக்கல. ஃபண்டுகாரங்க "இத முடிக்காம அடுத்த தவணை ரிலீஸ் ஆகாது"ன்னு ஒரு வரி போட்டாங்க, மறுநாளே ஜே.சி.பி. வந்துச்சு. அந்த எட்டு கோட்பாடு எதுக்குடான்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற ஒரே பதில் இது தான், அதுக்குப் பின்னாடி செக்கு இருக்கு.

நெலம் பத்தி. அரசு எடுத்துக் குடுக்குறது ஒரு ரகம், நாங்க பண்ற மாதிரி நேரா போய் வாங்குறது ஒரு ரகம். அரசு எடுக்கறதுக்கு தமிழ்நாட்ல தனியா 1997-ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, தொழிலுக்காக நெலம் எடுக்கறதுக்கே. மத்திய அரசோட 2013 சட்டத்துல சமூகத் தாக்க மதிப்பீடு பண்ணணும்னு இருக்கு, இதுல இல்ல. 2019-ல ஹைகோர்ட் இது செல்லாதுன்னுச்சு, அதே வருஷம் அரசு புதுசா ஒரு சட்டம் போட்டு உயிர் குடுத்துச்சு, 2021-ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னுடுச்சு. செய்யாறு சிப்காட் மூணாவது கட்டத்துக்கு மேல்மா சுத்துல 11 கிராமத்துல 3,174 ஏக்கர்னு அறிவிச்சப்போ விவசாயிங்க மாசக்கணக்குல உக்காந்தாங்க, 2023 நவம்பர்ல ஏழு பேர் மேல குண்டாஸ் போட்டு, ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பினதும் ஆறு பேரோடத வாபஸ் வாங்கினாங்க. எங்க மீட்டிங்ல அன்னிக்கு ஒருத்தர், "நல்லவேளை நாம ப்ரைவேட்டா வாங்குறோம், அந்த ரிஸ்க் நமக்கு இல்ல"ன்னாரு.

இல்லயா? எங்க சைட்ல பட்டாக்காரர் பாதி பேரு மாம்பலத்துலயும் பெங்களூர்லயும் இருந்தாங்க. ஏக்கருக்கு நல்ல வெல, சந்தோஷமா கையெழுத்து. ஆனா அந்த புஞ்சைல வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்கு குடுக்கிற பேச்சுல, வேர்க்கடலை போட்டவரு ஒருத்தர் இருந்தாரு, பத்திரத்துல அவரு எங்கயும் இல்ல. தரிசுல ஆடு மேச்சவங்க ஏழெட்டு பேரு, அவங்களும் இல்ல. "விருப்பப்பட்டு வித்தாங்க, அஞ்சாவது கோட்பாடு பொருந்தாது"ன்னு ஒரே வரில ரிப்போர்ட் முடிஞ்சுடுச்சு. வித்தவங்க விருப்பம் சரி, இவங்க விருப்பத்த யாரு கேட்டா. அந்தக் கடலைக்காரர் இப்போ எங்க பார்க்லயே தோட்ட வேலைக்கு இருக்காரு, கான்ட்ராக்ட்ல. அவரு கடலை போட்ட எடத்துல நாங்க போட்டிருக்குற புல்லுக்குத் தண்ணி விடுறாரு. இத வேலைவாய்ப்புன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கேன், வேற என்னத்த போடுறது.

இந்த ஜில்லால நெலம் வாங்குறவன் பயப்பட வேண்டியது இன்னொண்ணு, பஞ்சமி. 1891-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் குடுத்த ரிப்போர்ட்டால, 1892-ல தலித் மக்களுக்குன்னு ஒதுக்கின நெலம், மொத்தம் 12 லட்சம் ஏக்கர்னு சொல்லுவாங்க, மத்தவங்க வாங்கக் கூடாதுன்னு நிபந்தனையோட. புரோக்கருங்க "டி.சி. லேண்டு"ன்னு (டிப்ரஸ்டு க்ளாஸ்) குரல இறக்கி சொல்லுவாங்க. முப்பது வருஷ வில்லங்கம் போட்டா தெரியாது, ஏன்னா கை மாறினது அதுக்கும் முன்னாடி. எந்த சர்வே நம்பர் என்ன வகை நெலம்னு சொல்ற பழைய அ-பதிவேட்டயும் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரயும் தாலுகா ஆபீஸ்ல தேடணும், அதுல பாதி செல்லரிச்சிருக்கும். காரணைங்கற ஊர்ல 1994 அக்டோபர் 10-ம் தேதி பஞ்சமி நெலத்த மீட்கப் போராடினப்போ போலீஸ் சுட்டதுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேரு செத்தாங்க. எங்களுக்கு வந்த ஒரு 11 ஏக்கர இந்தக் காரணத்துக்காக நான் நிறுத்தினேன். லீகல் டீம் "டைட்டில் க்ளியர்"னு எழுதிக் குடுத்தப்புறமும். இந்த வேலைல நான் ஒழுங்கா பண்ணேன்னு சொல்லிக்க அது ஒண்ணு இருக்கு. அந்த எடத்த வேற யாரோ வாங்கிட்டாங்க, அது வேற.

தொழிலாளர் விஷயத்துல சீக்கிரம் முடிச்சுக்கறேன், அது ஒரு தனி போஸ்ட் போகும். 2023 மார்ச்ல, தமிழ்நாட்ல வடமாநிலத்துக்காரங்கள அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கா. ராத்திரி பதினோரு மணிக்கு லேபர் கேம்ப்ல இருந்து மேஸ்திரி போன், பசங்க மூட்டை கட்டிட்டு சென்ட்ரலுக்கு கெளம்புறாங்கன்னு. எங்க ரிஜிஸ்டர்ல நெலநடுக்கம் வரைக்கும் இருந்துச்சு, வாட்ஸ்அப் வீடியோ இல்ல. போய் என்னத்த சொல்ல, எனக்கு வர்ற இந்தில "டரோ மத்"ங்கறதத் தாண்டி ஒண்ணும் வராது. ஒடிசா பையன் ஒருத்தன் கேட்டான், "சார், நீங்க இங்க எங்க கூட படுப்பீங்களா?" படுத்தேன், ரெண்டு நாள். அப்போ தான் தெரிஞ்சது தகர ஷெட்டுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சூடு எறங்கல, இருவது பேருக்கு ஒரு கக்கூஸ்னு நான் டிக் அடிச்ச எடத்துல தண்ணி காலைல அஞ்சரைக்கு தீர்ந்துடுதுன்னு. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க ஹாஸ்டல் சாப்பாட்டால ஆஸ்பத்திரிக்குப் போய், மத்த பொண்ணுங்க பெங்களூர் ஹைவேல உக்காந்தாங்கல்ல, அதுக்கப்புறம் தான் இந்த பெல்ட்ல தங்குற எடமும் ஒரு ரிஸ்க்னு எல்லாருக்கும் உறைச்சுது. வல்லம் வடகால்ல 18,720 பேரு தங்குற மாதிரி சிப்காட் கட்டி 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்க. கட்டி முடிச்ச ஃபேக்டரில வேலை செய்யறவங்களுக்கு அது. ஃபேக்டரிய கட்டுறவங்களுக்கு இன்னும் தகர ஷெட்டு தான்.

சட்டம் இதுக்கெல்லாம் என்ன பண்ணுதுன்னு கேட்டீங்கன்னா, மத்திய அரசோட 2006 நோட்டிஃபிகேஷன்படி 20,000 சதுர மீட்டர தாண்டின கட்டடத்துக்கு சுற்றுச்சூழல் முன் அனுமதி வேணும். 2014-ல இண்டஸ்ட்ரியல் ஷெட்டுக்கு அதுல விலக்கு குடுத்தாங்க, 2025 ஜனவரில திரும்ப ஒரு நோட்டிஃபிகேஷன்ல குடுத்தாங்க, ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அந்த விலக்க ரத்து பண்ணிடுச்சு. எங்க ஆபீஸ்ல அன்னிக்கு சாவு வீடு மாதிரி இருந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், வெளிய காட்டிக்கல. அனுமதி வாங்கினா மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னா ஆகாது, அங்கயும் ஏப்ரல்ல சர்வே பண்ணி ரிப்போர்ட் குடுக்க ஆள் இருக்கு, ஆனா வெளி ஆளு ஒருத்தர் மேல் ஏரி எங்கன்னு ஒரு கேள்வியாவது கேப்பாரு.

பெட்டி இப்போ டீக்கடைல இருக்கு. பெட்டின்னு கூட சொல்ல முடியாது, கடைக்காரர்கிட்ட ஒரு நோட்டு, கூடவே என் நம்பர் எழுதின அட்டை. எழுதத் தெரியாதவங்களுக்கு அவரே எழுதுறாரு, அவரோட அபிப்பிராயத்தயும் சேத்து எழுதிடுறாரு, பரவால்ல. வியாழக்கெழம சாயங்காலம் நான் போய் உக்காருவேன். போன காலாண்டு ரிப்போர்ட்ல "வந்த புகார்: 11"னு போட்டேன். ரிவ்யூ மீட்டிங்ல பெரியவர் கண்ணாடிய இறக்கிட்டு கேட்டாரு, "பூஜ்யத்துல இருந்துச்சே, நீ என்ன பண்ணி இப்படி ஆக்கின?" அஞ்சு நிமிஷம் விளக்கினேன். தலையாட்டினாரு. ஆனா ஷீட்ல அந்தக் கட்டத்துக்கு செவப்பு அடிக்கச் சொல்லிட்டாங்க.

பதினொண்ணுல பத்து முடிச்சாச்சு. பாக்கி ஒண்ணு, நைட்டு செக்யூரிட்டி மணிக்கொரு தடவ விசில் அடிக்கிறதால காலனில ஒரு கைக்கொழந்த முழிச்சுக்குதாம். விசில நிறுத்தச் சொன்னா இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க, ரோந்து போனதுக்கு அத்தாட்சி வேணுமாம். இந்த வியாழன் அந்த அம்மாவப் பாக்கணும்.